அத்தையைக் கீழே போட்ட நடனம்

மருமகளாகப் போக ஆசைப்படுகிறவள் வருங்கால மாமியாரைக் கீழே போடக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். இருந்தும் போட்டேன்.

அப்போது நான் மாத்தளையில் முன்பள்ளி ஆசிரியை. நாவுலயைச் சேர்ந்த தினேஷைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா சரோஜாவும் முன்பள்ளி ஆசிரியைதான். என்னைப் பார்த்ததே இல்லை. ஆனாலும், "லவ் பண்ற புள்ளைங்களுக்கு மரியாதை தெரியாது" என்று கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இருந்தார். அந்த நேரத்தில்தான் பலாபத்வலயில் ஆசிரியைகளுக்கு ஒரு நடனப் பயிற்சி வந்தது.

"அம்மாவும் வர்றாங்க. நீ யாருன்னு சொல்லாத. மொதல்ல நல்ல பேரு எடு" என்றார் தினேஷ்.

நல்ல பேர் எடுப்பதில் நான் கெட்டிக்காரி (அன்று காலை வரை அப்படித்தான் நம்பியிருந்தேன்). பயிற்சியில் ஜோடி சேரச் சொன்னதுமே ஓடிப்போய்ச் சரோஜா டீச்சரோடு சேர்ந்துகொண்டேன்.

கும்மி, கோலாட்டம் என்று எதிர்பார்த்துப் போனால், கண்டியிலிருந்து வந்த பயிற்சியாளர் வேறு எதையோ சொன்னார். பாட்டு இல்லை, ஸ்டெப் இல்லை. இருவரும் ஒட்டியே இருக்க வேண்டும், ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்க வேண்டும், அசைவு தானாக வருமாம். எனக்கு வியர்வைதான் தானாக வந்தது. மாமியார் மேல் எப்படிச் சாய்வது? முதுகோடு முதுகு பட்டும் படாமலும் நின்றேன்.

"நல்லா சாயி புள்ள! நான் என்ன ஒடஞ்சா போயிருவேன்?" என்றார் சரோஜா டீச்சர்.

பிறகு அவர் முறை. நான் குனிந்து நிற்க, என் முதுகில் மல்லாந்து முழுப் பாரத்தையும் போட்டார். (பாரம் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் இதைப் படிப்பார்.) நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று என் கால் அவர் காலில் பட்டுவிட்டது.

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? என் கை மூளையைக் கேட்பதில்லை. சட்டென்று விலகி, திரும்பி, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அதற்குள் டீச்சர் தரையில் கிடந்தார்.

"ஐயோ அத்தை!" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையை மட்டும் தூக்கினார். "அத்தையா? ஓ... அந்தப் புள்ள நீதானா?"

கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன்.

"கும்பிட்டது போதும்டி! மொதல்ல என்னைத் தூக்கி விடு!" என்றவர், எழும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் மகனிடம், "மரியாதைக்காக ஆளையே கீழ போடுற புள்ளைய இப்பத்தான் பாக்குறேன். கட்டிக்க" என்றாராம்.

எங்கள் கல்யாண வீடியோவில் வீட்டார் இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தாலி கட்டும் இடத்தை அல்ல. நான் ஆசீர்வாதம் வாங்கக் குனிகிறேன். அத்தை அவசரமாகப் பக்கத்துத் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்... இப்ப கும்பிடு" என்கிறார்.