ஞாயிறு தோறும் திறந்திருந்த பட்ஜெட்

மக்களின் நம்பிக்கை விலைமதிப்பற்றது என்று சொல்பவர்கள் வியாபாரம் தெரியாதவர்கள். மிச்சிகனில் எங்கள் பெல்டன் கிரீக்கில் அதன் விலை வருடத்துக்கு 6,240 டாலர். நான் ஹார்ட்வேர் கடைக்காரன். பத்தொன்பது வருடம் நூலக வாரியப் பொருளாளர். விலை தெரியாமல் வாய் திறப்பதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் வாரியம் வீரத்துடன் ஒரு முடிவெடுத்தது. சிக்கனம் கருதி, ஞாயிற்றுக்கிழமை நூலகத்தை மூடுவது. வாரம் 120 டாலர் மிச்சம். நாங்களே கைதட்டிக்கொண்டோம், தட்டுவதற்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

பட்ஜெட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு நூலகத்தில் வைப்பது விதி. வேலை நாளில் வைத்தால் மக்களின் பிழைப்பு கெடுமே? கருணையோடு ஞாயிறு ஒன்று முதல் ஐந்து மணி வரை வைத்தோம். ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. ஆண்டறிக்கையில் ‘முழுமையான வெளிப்படைத்தன்மை’ என்று என் கையாலேயே எழுதினேன்.

இந்தப் பொற்காலத்தைக் கெடுக்க வந்தவள் லொரெய்ன் சிபுல்ஸ்கி. வாரம் ஆறு நாள் முட்டைப் பண்ணையில் அட்டைப்பெட்டி அடுக்குபவள். ஏழாவது நாள் செவிலியர் தேர்வுக்குப் படிக்க வேண்டுமாம், வீட்டில் இடமில்லையாம். வாரியக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். மேசைமேல் நேரம் குறிக்கும் முட்டை வடிவ மணி ஓடத் தொடங்கியது.

“கார்ல், ஞாயித்துக்கிழம உள்ள லைட் எரியுது. ஒருத்தர் உக்காந்து பீட்சா திங்கிறாரு. கதவத் தட்டினா, ‘மூடியாச்சு’ங்கிற போர்டக் காட்டுறாரு.”

“போர்டு பொய் சொல்லலம்மா. நூலகம் மூடியிருக்கு.”

“அப்ப பட்ஜெட்டு?”

“அது திறந்திருக்கு.”

“எங்க?”

“உள்ள.”

“பேப்பர்ல ‘இதர செலவு 6,240’ன்னு போட்டிருந்தீங்களே, அது என்ன?”

“எல்லாம் பட்ஜெட்ல விவரமா இருக்கு. ஞாயித்துக்கிழம வந்து பாரேன்.”

மணி அடித்தது. ஜனநாயகம் நேரம் தவறுவதில்லை.

அடுத்த வாரியத் தேர்தலில் என்னை எதிர்த்தே நின்றாள். நான் ஓட்டுக்காகத் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து வைத்தேன். நானூறு பேர் தின்றார்கள். கடனுக்குச் சாமான் வாங்கியவர்கள்போல் பாதிப் பேர் அப்புறம் கண்ணில் படவில்லை. அவளோ வீடுவீடாகப் போய் ஒரே கேள்விதான் கேட்டாள்: “ஞாயித்துக்கிழம உள்ள இருக்கிறது யாரு?”

இருபத்திரண்டு ஓட்டில் தோற்றேன்.

அவளது முதல் கூட்டத்தில் நான் பார்வையாளர் நாற்காலியில். புதிய பொருளாளர் கணக்கைச் சத்தமாக வாசித்தாள்.

“‘பட்ஜெட் காவல். ஞாயிறுக்கு நாலு மணி நேரம், மணிக்கு முப்பது டாலர். டுவேன்.’ யாரு இந்த டுவேன்?”

“என் மச்சான்,” என்றேன் பெருமையுடன். “பொது ஆவணத்த அநாதையா விட முடியுமா? யாராவது வந்துட்டா?”

“பூட்டின கதவுக்குள்ள யாரு வருவா?”

“பாத்தியா, அவ்வளவு நல்ல காவல்!”

பின்வரிசையிலிருந்து டுவேன் எழுந்தான். “சாவி மூணு வருசமா என் பாக்கெட்லதாங்க கெடக்கு. தொறக்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே.”

மேலும் விளக்க விரும்பினேன். முட்டை மணி அடித்துவிட்டது.

இப்போது ஞாயிறுகளில் நூலகம் திறந்திருக்கிறது. அதே டுவேன், அதே விளக்கு, அதே பீட்சா. ஜன்னலோரம் லொரெய்ன் படிக்கிறாள், ஜூனில் தேர்வு. படிப்பதோடு விட்டாளா? பழைய ரசீதுகளையும் புரட்டி, என் ‘சேவைக்கு’ ஒரு கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள்:

மூடியதால் வருட மிச்சம்: 6,240.
மூடியதைக் காவல் காத்த செலவு: 6,240.
பூட்டு ஒன்று, கார்லின் கடையில் வாங்கியது: 94.
அதே பூட்டு, அதே கடையில், மற்றவர்களுக்கு: 19.
கார்ல் நூலகத்துக்குத் தர வேண்டியது: 75.

தராமல் இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அன்று கடை விடுமுறை.