பாதிப் பூசணிக்காய்

"எட்வேர்ட் அங்கிள், பங்கில வந்த நட்டத்தை இப்ப பதிஞ்சு வைச்சால், பிறகு வாற லாபத்தில கழிக்கலாமோ?"

சேர்ச் முற்றத்துப் பந்தலில் றோகான் காதோடு காதாகத்தான் கேட்டான். வரிக் கணக்கு எழுதும் எட்வேர்டுக்கோ பிரசங்கக் குரல்.

"கழிக்கலாமே! ஆருக்கு நட்டம்?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. மனைவி வசந்தினியும் பார்த்தாள்.

கற்றாழைச் சாறு விற்ற கம்பனி ஒன்று றோகானின் சேமிப்பை ஏப்பம் விட்டிருந்தது. வீட்டிலோ, 'விழ முந்தியே வித்திட்டன், லாபம் அள்ளுறன்' என்றே சொல்லிவந்தான்.

"எ... எனக்கில்லை அங்கிள், கூட்டாளி ஒருத்தனுக்கு. எனக்கு நல்ல லாபம்!"

"லாபமோ? அப்ப இண்டைக்கு ஏலத்தில உம்மை விடமாட்டம்!"

காணிக்கையாய் வந்த காய்கறிகளைச் சேர்ச்சுக்காக விற்கும் அறுவடை விழா ஏலம். முதலில் வந்தது பூசணிக்காய். றோகான் கதிரைக்குள் குறுகினான். வசந்தினி முழங்கையால் இடித்தாள்.

"கேளுங்கோவன். சனம் பாக்குது."

கேட்டான். முன்வரிசை டொக்டர் விலையைக் கூட்டினார். வசந்தினி மறுபடி இடித்தாள்.

"விடாதேங்கோ. அள்ளுற மனுசன் பூசணிக்காய்க்குப் பின்வாங்கலாமோ?"

அவள் இடிக்க இடிக்க அவன் கூட்டினான். கடைசியில் ஓர் ஆட்டுக்கடாயின் விலைக்குப் பூசணிக்காய் அவன் மடிக்கு வந்தது. கைதட்டல் வேறு.

இனி நட்டத்தையாவது காப்பாற்றியே ஆகவேண்டும். வரிப் படிவத்துக்குக் கடைசித் திகதியும் நெருங்கிவிட்டது. எட்வேர்டிடம் வாய் திறந்தால் ஊருக்கே கேட்கும். தன்னை ஒருவருக்கும் தெரியாத, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கணக்காளர்தான் சரி.

மறுநாள் காலை வசந்தினியே வழி விட்டாள். பூசணிக்காயை இரண்டாக வெட்டி, "பாதியை மாமி வீட்டை குடுத்திட்டு வாறன்" என்று கிளம்பிப் போனாள். அவள் திரும்பி வந்ததும், "மற்றப் பாதியைச் சிநேகிதனுக்குக் குடுத்திட்டு வாறன்" என்று மோட்டார் சைக்கிளை முடுக்கினான் றோகான்.

திருநெல்வேலியில் கணக்காளரின் உதவியாளர் அனுஜா படிவத்தை வாங்கினாள்.

"தங்கச்சி, கொஞ்சம் ரகசியம். என்ரை மனிசிக்குத் தெரிஞ்சால் நான் முடிஞ்சன்" என்று பூசணிக்காயையும் மேசையில் வைத்தான்.

அனுஜா விலாசத்தைப் பார்த்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேசைக்குக் கீழே இருந்து இன்னொரு பாதியைத் தூக்கி இதோடு பொருத்தினாள். அச்சொட்டாய்ப் பொருந்தியது.

"அண்ணை, காலமை ஒரு அக்கா வந்தவா. அதே விலாசம், அதே கம்பனி, அதே நட்டம். 'இவர் அள்ளுறார் எண்டு நம்பித்தான் நானும் போட்டனான், மனுசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ' எண்டு கெஞ்சிப்போட்டுப் போனவா!"