முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய்

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எத்தனையோ பேர் இருந்தாலும், சகலையைப் போல வசதியான ஆள் அமைய மாட்டார். ஒரே மாமியார், ஒரே தலைதீபாவளிக் கவனிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். என் சகலை பார்த்திபன் போதாக்குறைக்கு எதிர்வீட்டிலேயே குடியிருந்தார். (எங்கள் கதிர்காமத்தில் வேறு மனையே கிடைக்கவில்லையா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.) மாமியார் இருப்பதும் அவர் வீட்டில்தான். "பெரிய மாப்ள இருக்காரே..." என்று ஆரம்பிக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி முடி கொட்டியது.

அந்த வருஷம் கத்திரி வெயிலுக்கு முன்பே தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருமுனையில் ஒரு காலி மனை உண்டு. முந்தைய கோடையில் யாரோ வீசிய பீடியில் அங்கே காய்ந்த புல் பற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் கீற்றுக் கொட்டகை வரை போய்விட்டது.

"புல்ல அறுத்துடுங்க. மாடியில கீத்து வேணாம். வீட்டுக்கு ரெண்டு வாளி மணல் வச்சிருங்க" என்றவர், தெருவுக்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்றார். தெரு மொத்தமும் சகலையைக் கைகாட்டியது. அவர் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய விசில் ஒன்று ஏறியது.

சாதாரண பிளாஸ்டிக் விசில். திருவிழாவில் பலூன்காரர் விற்பாரே, அதேதான். ஆனால் மாமியார், "பெரிய மாப்ளைக்கு விசிலு எவ்ளோ எடுப்பா இருக்கு பாரேன்!" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் முதலில் பற்றியது அதுதான்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். சகலை தன் கொட்டகையைப் பிரிப்பதற்குள் நான் என்னுடையதைப் பிரித்தேன். அவர் பழைய பெயின்ட் டப்பாக்களில் மணல் வைத்தார்; நான் புது வாளிகள் வாங்கி, சிவப்பு அடித்து, திருட்டுப் போகாமல் சங்கிலி போட்டுப் பூட்டினேன். காலி மனைப் புல் முழுவதையும் நானே அறுத்து, முச்சந்தி மூலையில் வைக்கோல்போர் மாதிரி குவித்தேன். அதன் பின்னால் ஒரு பேனர்: 'தீயில்லாக் கோடை, நமது தெரு!' நடுவில் ஆளுயரத்தில் கும்பிட்டபடி நான். மேல் மூலையில் தபால்தலை அளவில் சகலை. (அதுவும் என் மனைவி வசந்தா மிரட்டியதால்.)

"சூப்பரா இருக்குது சகல. ஆனா அறுத்த புல்ல அங்க வுட்டு வைக்காத. இன்னிக்கே ஏத்தி அனுப்பிடலாம்" என்றார் சகலை.

"வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன்" என்று வசந்தாவிடம் முணுமுணுத்தேன். "யாரு?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

தீயணைப்புக்காரர் மறுபடி வந்தார். மனையைப் பார்த்து அசந்துபோனார். "எல்லாம் எங்க சகலையோட வேல சார். விசிலு இவருகிட்ட இருக்கறதுதான் நியாயம்" என்று சகலை தானே கழற்றி என் கழுத்தில் மாட்டினார். நான் ஜெயித்து வாங்க வேண்டியதை மனுஷன் தானமாகக் கொடுத்துவிட்டாரே என்று அதற்கும் எரிந்தது. "அந்தக் குவியல உடனே எடுத்துடுங்க" என்று வந்தவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஏனென்றால் மாமியார் அப்போதுதான், "சின்ன மாப்ளையும் லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது.

அன்று சாயங்காலமே மாமியார் பூசணிக்காயும் கற்பூரமுமாக வந்துவிட்டார். "ஊரு கண்ணு பூரா ஒங்க மேலதான் மாப்ள" என்று காய்மேல் கற்பூரத்தை ஏற்றி, என்னை நிற்கவைத்துச் சுற்றினார். "முச்சந்தில ஒடச்சிட்டு வாங்க. என்ன ஆனாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா கழிச்சதெல்லாம் மறுபடி ஒட்டிக்கும்."

வேட்டி கட்டி, மார்பில் விசில் ஆட, முச்சந்திக்குப் போய் ஓங்கி உடைத்தேன். பூசணிக்காய் சிதறியது. கற்பூரம் எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. திரும்பி நடந்தேன்.

பின்னால் படபடவென்று சத்தம். யாரோ கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

"அண்ணே, திரும்பிப் பாருங்கண்ணே!" என்று இஸ்திரி வண்டிக்காரர் கத்தினார். கண் வைக்கிறவர்கள் இப்படித்தான் கெடுக்கப் பார்ப்பார்கள் என்று நடையை எட்டிப் போட்டேன். "விசிலயாவது ஊதுய்யா!" என்றது இன்னொரு குரல். எதிரே சகலை லுங்கியை மடித்துக் கட்டியபடி, இரண்டு கையிலும் மணல் டப்பாக்களோடு என்னைத் தாண்டி ஓடினார். அப்போதும் நான் திரும்பவில்லை. வாசலில் நின்ற வசந்தா தலையில் அடித்துக்கொண்டு, "கழுத்துல விசில மாட்டிக்கிட்டு தெருவ கொளுத்திட்டு வர்றீங்களே!" என்று அலறியபோதுதான் பார்த்தேன்.

என் வைக்கோல்போர் கொழுந்துவிட்டு எரிந்தது. வாளிகளை எடுக்க ஓடினேன். சாவி பேண்ட் பையில் இருந்தது. பேண்ட் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. சகலையின் டப்பா மணலும் அக்கம்பக்கத்துக் குடத் தண்ணீரும்தான் தீயை அணைத்தன. மனையில் புல் இல்லாததால் வீடுகள் பக்கம் தீ நகரவில்லை. (இதை நான் மட்டும்தான் அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறேன்.)

பேனரில் நான் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. மேல் மூலையில் சகலை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய மாப்ள மொகத்த நெருப்பு கூட தொடல பாத்தியா!" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமான கவலையோடு, "இவ்ளோ பொல்லாத கண்ணு யாருதா இருக்கும் மாப்ள?" என்று கேட்டார்.

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் விசிலைக் கழற்றினேன். எங்கள் தெருவில் பொறாமைக்காரன் ஒரே ஒருவன்தான். அவனையே நிற்கவைத்துச் சுற்றியிருந்தார்கள்.

இன்றைக்கும் நான் தீப்பெட்டியைத் தொட்டால் வீட்டில் யாராவது விசிலடிப்பார்கள். போன மாதம் சகலை மகளின் நிச்சயதார்த்தத்தில் கற்பூரத் தட்டை யாரோ விவரம் தெரியாமல் என்னிடம் நீட்டிவிட்டார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து அதே சிவப்புக் கயிற்று விசில் ஊதியது. ஊதியவர் மாமியார். "திரும்பிப் பாத்துக்குங்க மாப்ள!" என்றதும் மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் கழுத்தில் கிடந்த நேரத்தில் நான் ஒரு தடவைகூட ஊதாத விசில் அது. அவர் அதை அவ்வளவு நன்றாக ஊதுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.