காரைக் கேட்கிறவர்கள்

கார் ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். ஓட்டாமல் துடைத்துத் துடைத்து மூடி வைக்கிறவர்கள் இன்னோர் இனம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு, காரைக் கேட்கிறவர்கள். அந்த இனத்தின் பூதலூர் கிளைக்குத் தலைவரும் பொருளாளரும் ஒரே உறுப்பினரும் நான்தான். பெயர் சித்தீக். கடைத்தெருவில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். துருப்பிடித்த பழைய கார் ஒன்றை வீட்டில் யார் சொல்லியும் கேட்காமல் வாங்கி, வாசலில் நிறுத்தி, 'நாமளே சரி பண்ணிடலாம்' என்று அறிவித்து, பெருநாளுக்கு எடுத்த கைலிகளையெல்லாம் கிரீஸில் தோய்த்து, ஒருவழியாக அது ஓட ஆரம்பித்துத் தெருவே நிம்மதியாக மூச்சு விடுகிற நேரத்தில், நாங்கள் மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு காதை டாஷ்போர்டுக்குக் கொடுத்து, 'உஷ்!' என்போம். எங்கேயோ ஒரு சத்தம் வருகிறது. எங்களுக்கு மட்டும்.

நல்ல ரோடு எங்களுக்கு ஆகாது. வேகத்தடையைக் கண்டால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் ஏறி இறங்கி, ரிவர்ஸில் வந்து, மறுபடி ஏறி இறங்குவோம். நீளமான மதில் தெரிந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு அதை ஒட்டியே போவோம், சத்தம் சுவரில் பட்டுத் திரும்புமே! காருக்குள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் அது எங்களுக்கு இரைச்சல். அடியில் ஒரு ரப்பர் புஷ் முனகினால் அதுதான் பேச்சு.

என் காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கென்று பிரியர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, கோபித்துக்கொள்வார்கள். வயதில் என் மகள் அனீஸாவுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த சத்தம் 'டொக்'. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஒரே ஒரு டொக். யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிற மாதிரி.

முன்பக்கம்தான் என்று முடிவு செய்தேன். ஏன் முன்பக்கம்? நான் உட்கார்ந்திருப்பது முன்பக்கம், வேறென்ன காரணம் வேண்டும்? முன்சக்கரத்து ஷாக் அப்சார்பரை மாற்றினேன். டொக். பால் ஜாயிண்டை மாற்றினேன். டொக். முன்னால் இரும்பும் இரும்பும் இடிக்காமல் தாங்குகிற ரப்பர் புஷ் அத்தனையையும் மாற்றினேன். சத்தம் இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. அதையும் முன்னேற்றம் என்றே வீட்டில் சொன்னேன்.

பக்கத்து வீட்டு நெடுமாறன் வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். அப்படிப்பட்டவரை எங்கள் இனம் விடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை டிக்கிக்குள் படுக்க வைத்து, மூடியை லேசாகத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு, 'சத்தம் எங்கேருந்து வருதுன்னு மட்டும் கவனிங்க' என்று சொல்லிக் கிளம்பினேன். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கிடைத்த நேரத்தை வீணாக்குவானேன் என்று நான் இறங்கி முன்சக்கரத்தடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது டிக்கிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாய், வந்துட்டமா?"

பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் வண்டியோடு இரண்டடி பின்வாங்கினார். யாரோ போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். வெள்ளைச் சட்டை கசங்க நெடுமாறன் எழுந்து உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்த ஒரு விவசாயிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சார்! உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன். நாத்தங்கால்ல இலையெல்லாம் சுருட்டிக்கிட்டுப் போவுது, என்ன மருந்து அடிக்கலாம்?"

டிக்கியில் உட்கார்ந்தபடியே நெடுமாறன் மருந்து சொன்னார். கேட் திறந்தது. வீட்டுக்கு வந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "பாய், சத்தமே இல்லையே" என்றார்.

நல்ல மனிதர், காதுதான் மந்தம் என்று என் மனைவி ரசியாவிடம் சொன்னேன். அனீஸாவும் அப்படித்தான். விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எப்போது பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனாலும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அத்தா" என்பாள். "உனக்குக் காது பத்தலம்மா" என்பேன்.

பிறகு ஒரு நாள் மூன்று பேரும் தஞ்சாவூருக்குப் போனோம். அம்மாவும் மகளும் பின்னால். ஊர் எல்லை தாண்டியதிலிருந்து அனீஸா என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். நானோ அந்த டொக்கை இன்று பிடித்தே தீருவது என்றிருந்தேன். இரண்டு முறை 'உஷ்' என்றேன். அவள் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தாள். வல்லம் பக்கம் ஒரு பள்ளத்தில், ஆகா, இடது முன்சக்கரம்! சந்தேகமே இல்லை. "சரி... சரி... அதேதான்!" என்று வாய்விட்டுச் சொல்லி, கண்ணாடியில் பின்னால் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கடையிலிருந்து சாப்பிட வந்தால், கூடத்தில் பெட்டி கட்டியிருந்தது. பக்கத்தில் அரிசி மாவு டின், இடியாப்பக் குழல், தலையணை, ஒரு மூட்டை புத்தகம்.

"யாரு வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் வரல. நாந்தான் போறேன்" என்றாள் அனீஸா. "கோடியக்கரைக்கு. பறவைக் கணக்கெடுப்பு. நாளைக்குச் சேரணும்."

"யாரைக் கேட்டு?"

"உங்களக் கேட்டுத்தான். கார்ல சொன்னேனே?"

ரசியா அடுப்படியிலிருந்து வந்தாள். "நானும் கூடத்தானே இருந்தேன்? சீசன் முடியிற வரைக்கும் அங்கயே தங்கணும், பொண்ணுங்களுக்குத் தனி விடுதி இருக்கு, எல்லாம் வரிசையாச் சொன்னா. சரி சரி, அதேதான்னீங்க. சிரிக்க வேற செஞ்சீங்க. அன்னிக்கு ராத்திரி நான் கூடுதலா ரெண்டு ரக்அத் நஃபில் தொழுதேன், இந்த மனுசனுக்கு அல்லாஹ் இப்படி ஒரு மனசக் குடுத்தானேன்னு."

என்ன சொல்வது? 'வேண்டாம்' என்று சொல்லலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் சரி என்றீர்கள் என்று கேட்பார்கள். உன் பேச்சு என் காதில் விழவில்லை, ஒரு ரப்பர் புஷ்ஷைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சோற்றைப் பிசைந்துகொண்டே, "பெட்டி கனமா இருக்கே, கார்லயே கொண்டுபோய் விட்டுடுறேன்" என்றேன்.

மறுநாள் டிக்கி நிறையச் சாமான், பின் சீட்டில் இருவரும். தஞ்சாவூர் போயிற்று, மன்னார்குடி போயிற்று. திருத்துறைப்பூண்டி ரோட்டில் பாலத்தோரம் சரியான பள்ளம். இறங்கி ஏறினேன். டொக் இல்லை. பழக்க தோஷம், ரிவர்ஸ் எடுத்து மறுபடி விட்டேன். இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பின்னால் எடை இருந்தால் சத்தம் கிடையாது. நெடுமாறன் டிக்கியில் கிடந்தபோது கிடையாது. அனீஸா பின்னால் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் கிடையாது. 'ஒண்ணும் கேக்கலையே அத்தா' என்று அவள் சொன்னதெல்லாம் சத்தியமான வார்த்தை. கோளாறு பின்சக்கரத்தில் இருந்தது. சரி, அப்படியென்றால் வல்லம் பள்ளத்தில் நான் எதைக் கேட்டு அப்படிச் சிரித்தேன்? இல்லாத ஒரு சத்தத்துக்காகவா என் மகளை இரண்டு முறை அடக்கினேன்? காது சூடேறிவிட்டது. அதற்குப் பிறகு வேதாரண்யம் உப்பளம் வரும்வரை ஒரு பள்ளத்தையும் நான் தேடவில்லை.

கோடியக்கரை விடுதி வாசலில் சாமானை இறக்கினோம். ரசியா அறையைப் பார்க்க உள்ளே போனாள். நான் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அனீஸா, அன்னிக்கு நீ சொன்னது எதுவுமே என் காதுல விழலம்மா."

"தெரியும் அத்தா."

"தெரியுமா?"

"தெரிஞ்சுதான் அப்பச் சொன்னேன். வீட்ல உக்காந்து நேராக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னுதான்."

"அப்புறம்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "ஆனா, ஒரு தடவையாவது என்னம்மான்னு திரும்பிக் கேக்க மாட்டீங்களான்னு இருந்துச்சு. அதுக்காகவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்."

"இப்பச் சொல்லு. மொதல்லேருந்து" என்றேன்.

காரின் பானட்டில் சாய்ந்துகொண்டு சொன்னாள். எங்கெங்கோ பனி விழுகிற நாடுகளிலிருந்து கையளவுக் குருவிகள் இந்தச் சேற்றுக்கு வந்து சேர்வதை. வலையில் எடுத்துக் காலில் வளையம் மாட்டி விடுவதை. அடுத்த வருசம் அதே வளையம் திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்பதை. உள்ளங்கையில் வைத்தால் அதன் நெஞ்சு அடிப்பது விரலில் தெரியுமாம். இவ்வளவு பேசுகிற பெண் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ரசியா வந்து நின்று, "இன்னுமா முடியல?" என்றாள். நான் கையைக் காட்டி, "உஷ்" என்றேன்.

திரும்பும்போது ரசியா முன்னால் உட்கார்ந்தாள். டிக்கி காலி, பின் சீட் காலி. முதல் பள்ளத்திலேயே டொக்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

"இதுக்கா?" என்றாள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எங்கள் இனம் இன்னும் வளரவில்லை.

மறுநாள் பின் ஷாக் அப்சார்பரின் அடிப்புஷ்ஷைக் கழற்றினேன். ரப்பர் தேய்ந்து வளையல் மாதிரி ஆடியது. மாற்றிப்போட்டேன். வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. நெடுமாறனைக் கௌரவமாக முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். மனிதர் ஏறும்முன் டிக்கியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உங்களுக்கென்ன, உங்களிடம் பழைய கார் இல்லை. இது வேறு யாரையோ பற்றியது என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் நெடுமாறன் டிக்கியில் இருந்தாரே, அந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் 'உம்' என்றீர்கள். எதற்குச் சரி சொன்னீர்கள் என்று எழுந்துபோய் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். இந்நேரம் பாதிப் பெட்டி கட்டியிருப்பார்கள்.