என் இடது கன்னமும் கொரியா சன்ஸ்கிரீனும்

போன மாசம் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பெரம்பலூர்லேர்ந்து லப்பைக்குடிக்காடு போயி ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக்கிட்டு, ஆண்டிமடத்துல மாமனார் வூட்டுல சேக்கணும்.

மச்சினிக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி, மறுநாளு காலையில திருமழபாடி ஆத்துமணல்ல போட்டோ எடுக்கப் போறாங்க. அவ போடுறது கொரியா சன்ஸ்கிரீன் மட்டும்தான். அதுலயும் ரெண்டு வகையாம். கொரியாக்காரங்க தங்களுக்குன்னு செய்யறது ஒண்ணு, வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்குன்னு செய்யறது ஒண்ணு. பேரு ஒண்ணு, டியூப் ஒண்ணு, உள்ள இருக்கற சரக்கு மட்டும் வேற. ரெண்டாவதைப் போட்டா அவளுக்கு மூஞ்சி தடிச்சுப் போவும்.

"மாத்தி வாங்கிட்டு வந்தீங்கன்னா, அவ மூஞ்சிக்கு நீங்கதான் பொறுப்பு"ன்னு போன்லயே சொல்லிட்டா என் பொண்டாட்டி.

எனக்குப் பெருமை தாங்கல. மாப்பிள்ளை ஆயி பத்து வருசத்துல மொத தடவையா நம்பி ஒரு வேலை குடுத்திருக்காங்க.

கடைக்கார பாய் தங்கமான மனுசன். மவன் துபாய்லேர்ந்து கொண்டாந்த சாமானையெல்லாம் அடுக்கி வெச்சிருந்தாரு. ரெண்டு பெட்டியை எடுத்துத் திருப்பிக் காட்டினாரு. பின்னாடி முழுக்கக் கொரியா எழுத்தா இருந்தா அவங்க ஊருக்குச் செஞ்சது. இங்கிலீசு கலந்திருந்தா வெளிநாட்டுக்குச் செஞ்சது. இவ்ளோதான் சங்கதி.

பொண்டாட்டிக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டையுமே வாங்கிட்டேன்.

அப்பறம் டீக்கடையில உக்காந்தப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. கல்யாணத்தட்டுல வெக்கற பொருள்ல வெலை தெரியக்கூடாதுல்ல? பொடவையிலேர்ந்து சோப்பு டப்பா வரைக்கும் வெலைச் சீட்டைக் கிழிச்சுட்டுத்தான நாம வெப்போம். நகத்தால சொரண்டிப் பாத்தேன், வரல. பெட்டியோட கிழிச்சுப் போட்டேன். ரெண்டையும்.

பக்கத்துல நின்ன ஆடு அட்டையை மென்னுது. வாயில்லா ஜீவனாச்சேன்னு மிச்சத்தையும் நானே எடுத்துக் குடுத்தேன்.

டீயைக் குடிச்சு முடிச்சுட்டு டியூபைப் பாக்கறேன், ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு.

திரும்ப ஓடினேன். பாய் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. மோந்து பாத்தாரு.

"பெட்டி இல்லாம எனக்கே தெரியாது தம்பி. வேற ஸ்டாக்கும் இல்ல. எதுக்குக் கிழிச்சீங்க?"

"வெலை தெரியக்கூடாதுன்னு பாய்."

ரெண்டு டியூபையும் என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு.

கத்திரிக்காய் தின்னாலே தடிக்கற ஒடம்பு எனக்கு. வண்டியை ஓரங்கட்டி, இடது பாக்கெட்டு டியூபை இடது கன்னத்துலயும் வலது பாக்கெட்டு டியூபை வலது கன்னத்துலயும் அப்பிக்கிட்டுக் கெளம்பினேன்.

செந்துறை தாண்டறதுக்குள்ள இடது பக்கம் நமநமன்னு ஆரம்பிச்சுது. ஆண்டிமடத்துல எறங்கறப்ப இடது கண்ணு பாதிதான் தொறந்துச்சு. மாமியா என்னைப் பாத்துட்டு, எங்கயோ அடி வாங்கிட்டு வந்துட்டேன்னு அழுவ ஆரம்பிச்சுட்டாங்க.

நான் நடந்ததைச் சொன்னேன். மச்சினி வலது பாக்கெட்டுல கையை வுட்டு டியூபை எடுத்துக்கிட்டா. "அப்ப இதுதான் மாமா என்னோடது"ன்னு சொல்லிட்டு சந்தோசமா உள்ள போயிட்டா.

"பரவால்ல, சரியாத்தான் வாங்கியாந்திருக்கீங்க"ன்னா பொண்டாட்டி. கண்ணுல தண்ணியே வந்துருச்சு எனக்கு, வலது கண்ணுல.

மறுநாளு போட்டோவுல மச்சினி மூஞ்சி நெலா மாதிரி இருந்துச்சு. வீக்கம் கல்யாணம் முடியற வரைக்கும் வடியல.

இப்ப ஆல்பம் வந்துருச்சு. நூறு படத்துலயும் என் வலது கன்னம் மட்டும்தான் இருக்கு.