முன்னூற்று முப்பத்தாறு கோப்பைத் தேத்தண்ணி

இந்த வருடம் என் மகளை விஞ்ஞானி ஆக்கியே தீருவது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இதைச் சொல்லும்போதே அசதியாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். இன்னொரு குடும்பஸ்தன் ஏமாறக்கூடாது.

மகள் மேனுஷா தரம் ஒன்பதில் படிக்கிறாள். அப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாடசாலை. அவளுடைய விஞ்ஞான டீச்சர் ஸிஹாமா ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். ஊவா மாகாணப் பாடசாலைகளுக்கு விஞ்ஞானக் கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'நானே கண்டறிந்தது'. மூன்று மாதம் அவகாசம். முதலிடம் வந்தால் அடுத்த சுற்று கொழும்பில்.

"கட்டுரைய நான் எழுதுறேன்," என்றேன்.

"'நானே கண்டறிந்தது'ன்னு போட்டிருக்குப்பா."

"நானேதான் கண்டறியப் போறேன். நீ பாத்து எழுதினா போதும்."

வழக்கமாக இந்த இடத்தில் என் மனைவி ஜீவராணி சண்டைக்கு வருவாள். அன்றைக்கு வரவில்லை.

"அப்பாவே எழுதட்டும்டி. எழுதறவங்களுக்கு அடிக்கடி தேத்தண்ணி வேணும். அத நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

பதினாறு வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

தேத்தண்ணி விஷயத்தில் என்னைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் எனக்கு இருபது வருட வேலை. ஒரு மிடறு குடித்தால் எந்த மலைக் கொழுந்து, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா என்று சொல்லிவிடுவேன். "ஜெயராசா நாக்குக்கு எதுவும் தப்பாது" என்று தோட்டமே சொல்லும். முதலில் சொன்னது நான்தான்.

அந்த நாக்குக்கு மூன்று கரண்டி சீனி வேண்டும். இரத்தத்திலோ சீனி ஏற்கெனவே நிறைய இருந்தது. பண்டாரவளைக் கிளினிக்கில் டொக்டர், "இனிமே தேத்தண்ணிக்குச் சீனியே போடக்கூடாது" என்றார். அந்தக் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பு இதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.

"எங்கப்பாவுக்கு இதே சீனியாலதாங்க கால எடுத்தாங்க," என்றாள் ஜீவராணி.

"அது உங்கப்பா கால். இது என் கால்."

"கொஞ்சம் கொஞ்சமாவாவது கொறைங்களேன்."

"ஒரு சிட்டிகை கொறைஞ்சாலும் என் நாக்கு கண்டுபிடிச்சிரும். அப்புறம் அது தேத்தண்ணி இல்ல, வெந்நி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டுபிடிச்சிருமா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

செவ்வாயில் தொடங்கியதாலோ என்னவோ, நான் எடுத்த விஷயம் 'செவ்வாய்க் கிரகத்தில் தேயிலை'. போனில் தேடினேன். அங்கே காற்று போதாது. தண்ணி உறைந்து கிடக்கிறது. குடியிருக்க லயம் கிடையாது. லயம் இல்லாவிட்டால் ஆள் எங்கே தங்கும், ஆள் இல்லாவிட்டால் கொழுந்தை யார் பறிப்பது என்று மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டபோதெல்லாம் தேத்தண்ணி வந்தது. ஒரு நாளைக்கு நாலு கோப்பை. கேட்காமலே வந்தது. வயது போகப்போக அன்பு கூடுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"எப்படிங்க இருக்கு?" என்று ஒவ்வொரு கோப்பைக்கும் கேட்பாள்.

"பிரமாதம்."

மேனுஷா பக்கத்திலிருந்து கொப்பியில் எதையோ குறிப்பாள்.

"என்னம்மா எழுதற?"

"நீங்க சொல்றதத்தான்பா."

என் கட்டுரையைத்தான் என்று மனம் குளிர்ந்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். டொக்டருக்கு ஒரே சந்தோஷம். சீனி நன்றாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பிரசங்கமே வைத்தேன்.

"பாத்தியா? மூணு கரண்டி போட்டுக் குடிச்சும் எறங்கியிருக்கு. இதுக்குப் பேர்தான் உடம்பு வாகு!"

"உங்க உடம்பு யாருக்கு வரும்?" என்று கோப்பையை நீட்டினாள்.

கட்டுரை இருபத்தொரு பக்கம் வந்தது. மேனுஷாவிடம் கொடுத்தேன். நாலு நாளில், "எழுதி முடிச்சிட்டேன்பா" என்றாள். ஜீவராணி உறையில் போட்டு ஒட்டினாள். தபாலை நம்பாமல் நானே பஸ் ஏறிப் பதுளைக் கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஸிஹாமா டீச்சர் போன் எடுத்தார். மேனுஷாவுக்கு மாகாணத்தில் முதலிடம்! கொழும்புக்குப் புதிதாக இன்னொரு கட்டுரை தயார் பண்ண வேண்டுமாம். "பரிசளிப்புக்கு நீங்க கட்டாயம் வரணும்" என்றார். கட்டாயத்தை இரண்டு தரம் சொன்னார். நான் பெக்டரி முழுக்கச் செய்தி சொன்னேன். "எழுதினது யாருங்கிறத நான் சொல்ல விரும்பல" என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

பதுளையில் பெரிய மண்டபம். எங்கள் மூவரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நடுவர் அம்மா மைக்கைப் பிடித்தார்.

"பெரிய பெரிய விஷயமெல்லாம் இன்டர்நெட்டைப் பாத்து நிறையப் பேர் எழுதியிருந்தாங்க. இந்தப் பிள்ளை மட்டும் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை செஞ்சிருக்கா."

செவ்வாய்க் கிரகம் எப்போது எங்கள் வீட்டுக்குள் வந்தது? யோசிப்பதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஓர் ஆண். வயது நாற்பத்தாறு. தேநீரில் ஒரு சிட்டிகை சீனி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவதாகக் கூறுபவர். மூன்று கரண்டியிலிருந்து வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைக்கப்பட்டது. பன்னிரண்டாம் வாரம் சீனியே போடப்படவில்லை. குடித்தது மொத்தம் முன்னூற்று முப்பத்தாறு கோப்பை. கண்டுபிடித்தது பூச்சியம்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான்தான் என்று தெரிந்துவிடும்.

"ஏழாம் வாரம் மட்டும் ஒரு முறைப்பாடு செய்தார். இனிப்புக் கூடிவிட்டதாம்."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"சோதனைக்கு உட்பட்டவரின் சம்மதம் பெறப்படவில்லை. அவருடைய மனைவியின் சம்மதம் பெறப்பட்டது."

நடுவர் அம்மாவால் அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அவர் வந்திருக்காரா?" என்று கேட்டார். ஸிஹாமா டீச்சர் என்னைக் கைகாட்டினார். எழுந்து நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

விஞ்ஞானத்தில் சோதனை என்றால் பரிசோதனை. எங்கள் வீட்டில் சோதனை என்றால் சோதனைதான்.

திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு மேனுஷா மெதுவாகக் கேட்டாள்.

"கோவமாப்பா?"

"இல்ல. அசதி. என் கட்டுரை எங்க?"

"அலுமாரில இருக்குங்க," என்றாள் ஜீவராணி. "துணிக்கு அடியில விரிச்சிருக்கேன். நல்ல தாள்."

பிறகு ஜீவராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "எங்கப்பாகிட்ட அம்மா கெஞ்சிக்கெஞ்சியே பாத்தாங்க. எனக்குக் கெஞ்சத் தெம்பு இல்லங்க."

அவள் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு வீட்டுத் தலைவன் என்று ஒருவன் இருக்கிறான் அல்லவா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆனா கொழும்புக்கு வேற ஆளப் பாருங்க. இனிமே என் நாக்குல யாரும் கைவைக்க முடியாது. நான் உஷாராயிட்டேன்."

"சரிங்க. மத்தியானம் கட்டிக் கொண்டாந்த சோறு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம். ஏன்?"

"உப்புக் கொறைக்க ஆரம்பிச்சு இன்னையோட பதினோரு நாளுங்க."