துரை குதிரைக்கு ஒதுங்கிய பாடை

எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மொத்தம் இருபது நிமிடம். அதற்குப் பிறகு இன்றுவரை நான் கழுதையைக்கூட நம்பியதில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். டிக்கோயா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. நுவரெலியா பந்தயங்களில் ஓடி ஓய்ந்த செவலைக் குதிரை. (ஓய்ந்துவிட்டாய் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.) துரை சீமைக்குப் போயிருந்த மழைக்காலத்தில் அப்பா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒங்கப்பன் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க. தொரை வரும்போது குதிரைக்கு ஏதாச்சும் ஆகியிருந்துச்சு, ஒங்கப்பன் இந்த வேலைய மறந்துற வேண்டியதுதான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருமலுக்கு நடுவே அப்பா சொன்னது ஒன்றுதான். "கையில புடிச்சு நடத்திக்கிட்டுப் போயிட்டு வா. மேல ஏறிறாதடா."

மூன்று நாள் நடத்தினேன். நாலாம் நாள் ஏறினேன். பத்தொன்பது வயது, தலையில் துரை கழித்துப்போட்ட பழைய தொப்பி. வேறு காரணம் எதுவும் கிடையாது.

செவலை முதலில் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு நடையைக் கூட்டியது. பயந்துபோய்க் கடிவாள வாரை இழுத்தேன், ஓடத் தொடங்கியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். இன்னும் வேகமாக ஓடியது. விடாமல் இழுத்துப் பிடித்தால், பந்தயக் குதிரை அந்தப் பிடியிலேயே சாய்ந்துகொண்டு ஓடுமாம். இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டுமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று நானும் அதுவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், அது ஜெயித்தது.

"புடிங்க! யாராச்சும் புடிங்க!" என்று கத்தினேன். யார் பிடிப்பார்கள்? துரையின் குதிரை வந்தால் பாதையை விட்டு இறங்கி, தலைத்துணியை அவிழ்த்து, குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து முகம் பார்க்கக் கூடாது. கூடையோடு வந்த பெண்கள் தேயிலைக்குள் இறங்கினார்கள். கங்காணி குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்தார். அத்தனை மரியாதைக்கு நடுவே நான் அழுதுகொண்டே போனேன்.

வளைவு தாண்டியதும் எதிரே சாவு ஊர்வலம். தப்புச் சத்தம் நின்றது. பாடை தூக்கியவர்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, பாடையைத் தேயிலைச் செடிகள்மேல் வைத்துவிட்டுக் குனிந்து நின்றார்கள். (நிமிர்ந்து என்னைப் பார்த்தவர் செத்துப்போனவர் ஒருவர்தான்.) செவலை மாலைகளைக் கண்டு மிரண்டு, கானில் கால் வழுக்கிச் சரிந்தது. நான் போய் விழுந்தது இறந்தவரின் மகன் மாரிமுத்துவின் காலடியில்.

"சலாமுங்க தொரை" என்றார் அவர், தலையைத் தூக்காமலே. பிறகுதான் பார்த்தார். "அடப்பாவி! குதிரைக்காரர் மகனாடா நீ? ஒனக்காடா எங்கப்பாவ எறக்கி வச்சேன்?"

விதியைப் பாருங்கள், அந்த மாரிமுத்துதான் பிற்பாடு எனக்கு மாமனார். இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் எழுந்து நடந்தால், "வெலகுங்க, தொரை வர்றாரு!" என்று யாராவது கத்துவார்கள். "எங்க தாத்தாவே எறங்கி வழிவிட்ட மாப்பிள்ளையாச்சே" என்பாள் என் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கதையை அதோடு நிறுத்திவிடுவார்கள். குதிரைக்கு முன்னங்கால் வீங்கியதையும், துரை திரும்பி வந்த வாரமே, இருமல் நிற்காத அப்பா மண்வெட்டியோடு கான் வெட்டப் போனதையும் யாரும் சொல்வதில்லை. கால் ஆறியபின் துரை அந்தப் பாதையில் வரும்போதெல்லாம், அப்பா வேலை செய்யும் இடத்தில் செவலை தானாக நின்றுவிடும். துரை அதைச் சவுக்கால் அடிப்பார். அப்பா தலையைத் தூக்காமல் மண்ணை வெட்டிக்கொண்டே இருப்பார்.